முகம் பாத்துக் கதைக்கேக்க மூளையில என்ன நடக்குது எண்டு அளக்கிறது எப்பிடி

ரெண்டு பேர் எதிரெதிரா இருந்து கதைக்கேக்க ரெண்டு பேற்றை மூளையையும் ஒரே நேரத்தில அளக்கிறதுக்கு ஹைப்பர்ஸ்கானிங் எண்டு பேர். கம்பஸில கடைசி வருச புரொஜெக்டுக்கு இதைச் செய்வமோ எண்டு கேக்கிற ஆக்கள் கூடிக்கொண்டு போகினம், மெடிக்கல் பெடியள், உளவியல் படிக்கிற பிள்ளையள், கிளிநொச்சியில எஞ்சினியரிங் செய்யிற ஆக்கள் எண்டு எல்லாப் பக்கத்தாலயும், அதால ஒருக்கா வடிவா எழுதி விடுவம் எண்டு நினைச்சன். எல்லாரும் முதல் கேக்கிறது எந்த மெஷின் வாங்கிறது எண்டுதான். அது பிறகு. முதல் யோசிக்க வேண்டியது கதையை எப்பிடி அளக்கப்போறீங்கள் எண்டு. ஆர் எப்ப தொடங்கினது, ஆர் எப்ப நிப்பாட்டினது, எந்த இடத்தில ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சது, இது மில்லிசெக்கன் கணக்கில கையில இல்லாட்டி மூளை டேட்டா எவ்வளவு வடிவா வந்தாலும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஏன் மில்லிசெக்கன் எண்டா, 2009 இல பத்து மொழியளில கேள்வி பதிலை அளந்து பாத்த ஒரு ஆய்வு வந்தது. ஒருத்தர் கேட்டு முடிக்கிறதுக்கும் மற்றவர் பதில் தொடங்கிறதுக்கும் இடையில சராசரி 200 மில்லிசெக்கன் அளவுதான். ஆனா ஒரு படத்தைக் காட்டி இது என்ன எண்டு கேட்டா, பேரை யோசிச்சு வாயால சொல்ல 600 மில்லிசெக்கன் கிட்டப் போகும். அப்ப கணக்கு இடிக்குதெல்லே? மற்றவர் கதைச்சு முடிக்க முதலே இவர் பதிலைத் தயார் பண்ணத் தொடங்கிட்டார் எண்டதுதான் அர்த்தம். 2015 இல ஈஈஜி எண்ட, மூளையின்ர மின்சாரத்தை அளக்கிற மெஷினை வைச்சு வினாடி வினா மாதிரி ஒரு ஆய்வு செய்தவை, கேள்வியில பதிலுக்கான துப்பு விழுந்து அரைச் செக்கனுக்குள்ளயே மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்குது எண்டு காட்டினவை. நேருக்கு நேர் பேச்சில பாக்க வேண்டிய மெயின் இடம் இதுதான், கேக்கிறதும் யோசிக்கிறதும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுற அந்த நேரம்.

அந்தப் பத்து மொழியில தமிழ் இல்லை. எங்கட மொழியில வினைச்சொல் கடைசியில வரும், "நாளைக்குப் பருத்தித்துறைக்கு" எண்டு தொடங்கினவர் போறாரோ போகேல்லையோ எண்டு முடிவிலதான் தெரியும், அப்ப கேக்கிற ஆள் எப்ப பதிலைத் தயார் பண்ணத் தொடங்குவார்? ஜப்பான் மொழியிலயும் வினை கடைசியிலதான், ஆனா அந்தப் பத்துக்குள்ள ஆகக் குறைஞ்ச இடைவெளி அவையளுக்குத்தான், சராசரி 7 மில்லிசெக்கன். அதால வினை கடைசியில வந்தா பதில் பிந்தும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு எழுதேலாது. மூளை மெஷினே இல்லாம ரெண்டு மைக்கை மட்டும் வைச்சு யாழ்ப்பாணப் பேச்சில இதை அளந்தாலே நல்ல புரொஜெக்ட், காசில்லாத ஆக்கள் அதோட நிண்டாலும் ஒரு குறையும் இல்லை.

சரி, மெஷினுக்கு வருவம்

எம்ஆர்ஐ சரிவராது. குழாய்க்குள்ள தனியப் படுத்துக்கொண்டு ஆரோட முகம் பாத்துக் கதைக்கிறது? 2010 இல வந்த பேர்போன ஆய்வில ஒரு பெண் ஸ்கானருக்குள்ள கிடந்து கதை சொல்ல அதை ரெக்கோட் பண்ணி, பிறகு மற்ற ஆக்களை அதே மாதிரிப் படுக்க வைச்சுக் கேக்கப் பண்ணினவை. கேட்டவையின்ர மூளை சொன்னவாவின்ர மூளையைக் கொஞ்சம் பிந்திப் பின்தொடர்ந்தது, சில இடங்களில முந்தியும் போனது. அருமையான வேலைதான், ஆனா அது கதைபேச்சு இல்லை, ஒருத்தர் சொல்ல மற்றவர் கேக்கிறது. மண்டையோட்டுக்குள்ள எலக்ட்ரோட் வைச்சு வலிப்பு நோயாளியளின்ர பேச்சை அளக்கிற வேலை அமெரிக்காவில நடக்குது, 2025 இல நாலு பேரிட்ட இருந்து கிட்டத்தட்ட 100 மணித்தியாலப் பேச்சை எடுத்து ஒரு பேப்பர் வந்தது. சத்திரசிகிச்சைக்கு எண்டு வந்து கிடக்கிற ஆக்களிட்டத்தான் அது ஏலும், எங்களுக்கு இல்லை.

மிச்சம் ரெண்டு. ஒண்டு ஈஈஜி, தலையில தொப்பி போட்டு மின்சாரத்தை அளக்கிறது. மற்றது எஃப்நிர்ஸ், 700 தொடக்கம் 900 நானோமீட்டர் வரையான ஒளியைத் தலைக்குள்ள விட்டு இரத்தத்தில ஒட்சிசன் மாறுறதைப் பாக்கிறது. எஃப்நிர்ஸ் வாய் அசைக்கிறதையும் தலை ஆட்டுறதையும் ஈஈஜியை விடத் தாங்கும், ஆனா கெதி குறைவு, மூளை வேலை செய்து 5, 6 செக்கனுக்குப் பிறகுதான் இரத்தம் உச்சத்துக்கு வரும். அதுக்குள்ள எங்கட ஆக்கள் நாலு தரம் மாறி மாறிக் கதைச்சு முடிச்சிருப்பினம். அதோட எங்கட அடர்ந்த கறுத்தத் தலைமயிர் ஒளியைக் குடிச்சுப்போடும், ஒவ்வொரு முனைக்குக் கீழயும் மயிரை விலக்கி விலக்கி வைக்கோணும். 200 மில்லிசெக்கன் கேள்விக்கு ஈஈஜி, அஞ்சு பத்து நிமிசம் கதைக்கேக்க எந்த இடம் கூட வேலை செய்யுது எண்ட கேள்விக்கு எஃப்நிர்ஸ். ரெண்டுக்கும் ஒண்டை வைச்சுச் சமாளிக்கப் பாக்காதேங்கோ.

ஈஈஜி எண்டா சிக்னலைப் பெருப்பிக்கிற ஒரே அம்ப்ளிஃபையரில ரெண்டு தொப்பியைப் பூட்டுறதுதான் ஆகச் சுகம், ஒரே மணிக்கூடு. 32 சானல், அதாவது 32 எலக்ட்ரோட், ஆளுக்கு இருந்தா நல்லது. மலிவா எண்டா ஓபன்பிசிஐ போர்ட் இருக்கு, 8 சானல் 250 ஹேர்ட்ஸில எடுக்கும், மேலதிக போர்டைப் பூட்டி 16 ஆக்கினா வயர் இல்லாம அனுப்பேக்க 125 ஹேர்ட்ஸுக்கு இறங்கிடும். பழகிறதுக்குக் காணும்.

எண்ணெய், திருநீறு, கரண்ட்

வெளிநாட்டுப் புத்தகங்களில இல்லாத விசயம் இதுதான். தலைக்கு எண்ணெய் வைச்சிருந்தா எலக்ட்ரோட் பிடிக்காது, இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையில உள்ள மின் தடை, இறங்கவே இறங்காது. முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு முழுகி, கண்டிஷனரும் எண்ணெயும் வைக்காம, காலமை தலை காய்ஞ்சு வரச்சொல்லி ரெலிபோனில சொல்லுங்கோ, மெசேஜும் போடுங்கோ, அப்பிடிச் சொல்லியும் நல்லெண்ணெய் வைச்சு முழுகிப்போட்டு வருவினம், ஆக்களைக் குறை சொல்லேலாது, சனிக்கிழமை முழுக்கு எண்டா முழுக்குத்தான். சனிக்கிழமையில ஆக்களைப் போடாம விடுறது புத்தி. பின்னல் போட்டு வாறவை பின்னலைக் கீழ கட்டினாக் காணும், உச்சியில கொண்டை எண்டா தொப்பி ஏறாது. நெத்தியில வைக்கிற எலக்ட்ரோட் சரியா திருநீறும் சந்தனமும் இருக்கிற இடத்துக்குத்தான் வரும். துடைக்க முதல் கேளுங்கோ. ஆரும் மறுக்க மாட்டினம், ஆனா கேக்காம ஈரத் துணியோட நெத்திக்குக் கிட்டப் போகக்கூடாது. முஸ்லிம் பெண் பிள்ளையள் வந்தா தொப்பி போடுறது பெண் ஒராளா இருக்கோணும், கதவு சாத்தின அறை வேணும், கதைக்கிற சோடியும் பெண்தான், வீடியோவை ஆர் பாப்பினம் எண்டதையும் அப்பவே சொல்லிப்போடுங்கோ.

வெக்கை இன்னொரு கரைச்சல். வேர்த்தா சிக்னல் மெதுவா மேலயும் கீழயும் அலையும், ஜெல்லும் கெதியாக் காயும். ஏசி இருக்கிற அறையா எடுங்கோ. மின்விசிறி வேண்டாம், காத்து வயரை ஆட்டும், மைக்கிலயும் விழும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அது எப்பிடியும் சிக்னலுக்குள்ள வரும், அம்ப்ளிஃபையரையும் லாப்டொப்பையும் பற்றரியில ஓட விட்டா குறையும், கரண்ட் போனாலும் ரெக்கோடிங் நிக்காது.

சத்தத்தை நல்லாக் கவனிக்கோணும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கம் எடுக்கிற யோசனையை விடுங்கோ, மற்ற நாளிலயும் பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர் எப்ப தொடங்கும் எண்டு விசாரிச்சு வையுங்கோ. மைக்கில சத்தம் விழுறது சின்னப் பிரச்சினை. பெரிசு என்னண்டா, வெளியில ஒரு சத்தம் கேட்டா ரெண்டு பேற்றை மூளையும் ஒரே நேரத்தில அதுக்குத் துள்ளும். பிறகு நீங்கள் ரெண்டு மூளையும் ஒத்துப்போகுது எண்டு சந்தோசமா எழுதுவீங்கள். ஒத்துப்போனது உண்மைதான், ஆனா கதையால இல்லை, நாதஸ்வரத்தால.

ஆரை இருத்திறது, என்ன கதைக்க விடுறது

மெடிக்கல் ஃபக்கல்டியின்ர எதிக்ஸ் ரிவியூ கொமிட்டிக்கு முதல் போடுங்கோ, உங்கட ஃபக்கல்டியில வேற கொமிட்டி இருந்தா அதுக்கு. ஈஈஜியில ஆபத்து ஒண்டும் இல்லை, கொமிட்டி கேக்கப்போறது ரெக்கோடிங்கைப் பற்றி. குரலையும் முகத்தையும் பேர் இல்லாம ஆக்கேலாது, சும்மா கதைக்க விட்டா எங்கட ஆக்கள் அயலட்டைக் கதை, குடும்பக் கதை, சிலநேரம் போர்க் காலக் கதை வரைக்கும் போவினம், அறையில இல்லாத ஆக்களின்ர பேர் விழும். பேச்சை ரெக்கோட் பண்ணுறது எண்டாலே பயப்பிடுற சனமும் இஞ்ச இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு. சம்மதப் படிவத்தை நல்ல தமிழில எழுதி, முடிஞ்ச பிறகு கூட இந்தத் துண்டை அழியுங்கோ எண்டு கேக்கலாம் எண்டு வாயாலயும் சொல்லுங்கோ. தலையில ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு இதில சொல்லேலாது எண்டதையும் சொல்லுங்கோ, ஏனெண்டா எல்லாரும் கேப்பினம்.

சோடி சேர்க்கேக்க வயசைப் பாருங்கோ. இருபது வயசுப் பெடியனையும் நாப்பது வயசு ஆளையும் இருத்தினா பெடியன் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" எண்டு கேட்டுக்கொண்டிருப்பான், முழுக்க ஒராளின்ர பேச்சு. சம வயசு, ஒரே பால் எடுத்தாத் தொடங்கச் சுகம். தெரியாத ஆக்கள் எண்டு நீங்கள் சோடி சேர்ப்பீங்கள், ஆனா வெளி வாங்கில ஒண்டா இருக்க விட்டா "நீங்கள் எவடம், ஆற்றை மகள்" எண்டு தொடங்கி அஞ்சு நிமிசத்தில சொந்தம் கண்டுபிடிச்சுப்போடுவினம். வேற வேற அறையில இருத்துங்கோ.

சும்மா கதையுங்கோ எண்டு விட்டா சில சோடி வாயே திறக்காது. ஒரு வேலை குடுக்கோணும். எடின்பரோ, கிளாஸ்கோ ஆராய்ச்சிக்காரர் 1991 இல வெளியிட்ட ஆய்வில மாதிரி மப் டாஸ்க் நல்லது, ரெண்டு பேரிட்டயும் ஒவ்வொரு வரைபடம், ஒராளின்ர படத்தில பாதை இருக்கு, மற்றவரிட்ட இல்லை, அடையாளங்களும் ஒண்டு ரெண்டு வித்தியாசம், பாத்துக்காட்டாம கதைச்சு வழி சொல்லோணும். பஸ் ஸ்ராண்டில இருந்து கோட்டை, ஆரியகுளம், நல்லூர் எண்டு படம் கீறலாம், ஆனா உண்மையான வழி தெரிஞ்ச ஆக்கள் படத்தைப் பாக்காமலே சொல்லுவினம், அதால இடங்களை இடம் மாத்திக் கற்பனை ஊர் ஒண்டு கீறுறதுதான் என்ர விருப்பம். அதோட பத்து நிமிசம் சுதந்திரமாக் கதைக்க விடுங்கோ.

ஒப்பிட நிலைமையள் வேணும். 2012 இல வந்த எஃப்நிர்ஸ் ஆய்வு இதுக்கு நல்ல முன்மாதிரி: முகம் பாத்து மாறி மாறிக் கதைக்கிறது, முதுகுக்கு முதுகு இருந்து கதைக்கிறது, முகம் பாத்து ஒராள் மட்டும் கதைக்கிறது, முதுகுப் பக்கமா ஒராள் மட்டும். முகம் பாத்து மாறி மாறிக் கதைக்கேக்க மட்டும்தான் இடது முன்மூளையின்ர கீழ்ப் பகுதியில ரெண்டு பேருக்கும் ஒத்திசைவு கூடினது. இந்த நாலையும் ஒழுங்கு மாத்தி மாத்திக் குடுங்கோ. தொடக்கத்தில ரெண்டு நிமிசம் கண்ணைத் திறந்து, ரெண்டு நிமிசம் மூடி இருக்க விடுங்கோ, மூடினா பிடரிப் பக்கம் 8 தொடக்கம் 12 ஹேர்ட்ஸ் அல்ஃபா அலை எழும்போணும், எழும்பாட்டி தொப்பியை இன்னொருக்காச் சரிபாருங்கோ. எழும்பாத ஆக்களும் இருக்கினம் எண்டதையும் மறக்காதேங்கோ.

பிறகு நீங்கள் வெளியில போங்கோ. ஆராய்ச்சிக்காரர் மூலையில இருந்தா அது ரெண்டு பேற்றை கதை இல்லை, மூண்டு பேற்றை. தொப்பியைப் பாத்துச் சிரிக்கிற முதல் சில நிமிசத்தைக் கணக்கில எடுக்க வேண்டாம்.

மணிக்கூட்டைப் பொருத்திறது

இதில கஞ்சத்தனம் வேண்டாம். ஈஈஜி ஒரு கொம்பியூட்டரில, சத்தம் இன்னொண்டில, வீடியோ ஃபோனில எண்டு எடுத்தா மூண்டு மணிக்கூடு. ஒவ்வொண்டும் தன்ர பாட்டுக்கு ஓடும். ஒரு மணிக்கூடு பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழைச்சாலே ஒரு மணித்தியாலத்தில 72 மில்லிசெக்கன் விலகும், நீங்கள் தேடுறதே 200 மில்லிசெக்கன் விசயம். லாப் ஸ்ட்ரீமிங் லேயர் எண்ட இலவச சொஃப்ட்வெயர் எல்லா ஓட்டத்தையும் ஒரே நேரக் கணக்குக்குக் கொண்டுவரும், அதைப் பழகுங்கோ. புளூடூத் மைக்கைத் தொடாதேங்கோ, பிந்தி வரும், பிந்திறதும் ஒரே அளவில இல்லை. ஆளுக்கொரு வயர் மைக், வாய்க்குக் கிட்ட, ரெண்டு சானலில தனித்தனியா, 48 கிலோஹேர்ட்ஸ்.

லாப் ஸ்ட்ரீமிங் லேயர் இருந்தாலும் ஒரு கைச் சோதனை செய்யுங்கோ. தொடக்கத்தில மைக்கால எலக்ட்ரோடில மெல்லத் தட்டுங்கோ, வீடியோவிலயும் தெரியத்தக்கதா. சத்தத்தில ஒரு டிக், ஈஈஜியில ஒரு துள்ளல், வீடியோவில கை. முடிவிலயும் அப்பிடியே. ரெண்டுக்கும் இடையில உள்ள நேரம் மூண்டிலயும் ஒத்து வந்தாச் சரி. காசு செலவில்லாத சோதனை, கனபேர் செய்யிறேல்லை.

கதையை எழுதிறது

பிராட் எண்ட சொஃப்ட்வெயரில சத்தத்தைப் பாத்து, ஈலான் எண்ட சொஃப்ட்வெயரில வீடியோவோட சேர்த்து, ஆளுக்கொரு வரியில பேச்சின்ர தொடக்கத்தையும் முடிவையும் குறியுங்கோ. தானாக் கண்டுபிடிக்கிற சொஃப்ட்வெயரால முதல் ஓட்டம் ஓடலாம், பிறகு காதால கேட்டுத் திருத்தத்தான் வேணும், யாழ்ப்பாணப் பேச்சைத் தானா எழுதித் தாறதுகளை நம்பி இருக்காதேங்கோ. "ஓம்", "ம்ம்", "மெய்யே", "அப்பிடியே" எண்டு இடையில போடுறது தன்ர முறை வந்து கதைக்கிறது இல்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட அடையாளம். அதுகளுக்குத் தனி வரி. எங்கட ஆக்கள் அதைக் கனக்கப் போடுவினம், முறையோட கலந்தா உங்கட இடைவெளிக் கணக்கு முழுக்கப் பிழைக்கும். வேலை அலுப்புத்தான், பத்து நிமிசப் பேச்சுக்கு மணித்தியாலக் கணக்கில இருக்கோணும். ரெண்டு பேர் தனித்தனியாக் குறிச்சு ஒப்பிட்டுப் பாத்தா இன்னும் நல்லது.

வாய்த் தசை

மூளைச் சிக்னல் சில பத்து மைக்ரோவோல்ட். தாடையைக் கடிக்கிற தசை நெத்திப்பொட்டில இருந்து காதுக்கு மேல வரைக்கும் விரிஞ்சு கிடக்கு, அதாவது மொழிக்கான பகுதியளுக்கு மேலயே. கதைக்கேக்க அது இழுத்தா சிக்னல் பல மடங்கு, 20 ஹேர்ட்ஸுக்கு மேல எல்லாத்தையும் மூடும். தவில் அடிக்கிற இடத்தில நிண்டு ஆச்சி முணுமுணுக்கிறதைக் கேக்கிற மாதிரி. எம்என்இ பைத்தான், ஈஈஜிலாப் எண்ட சொஃப்ட்வெயர் ஏதும் ஒண்டில 1 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டி, கலந்து கிடக்கிற சிக்னலைப் பிரிக்கிற ஐசிஏ எண்ட கணக்கை ஓட்டினா கண் இமைக்கிறது வடிவாப் போகும், தசை அரைவாசி போகும், முழுக்கப் போகாது. அதால கதைக்கிற ஆளின்ர டேட்டாவில பீட்டா, காமா எண்ட வேகமான அலை கூடினது எண்டு ஆரும் எழுதினா நான் நம்ப மாட்டன். உதட்டுக்குப் பக்கத்திலயும் தாடையிலயும் ரெண்டு எலக்ட்ரோட் ஒட்டித் தசையையே தனிய அளந்து வைச்சா, எது வாய் எது மூளை எண்டு பிறகு காட்டலாம்.

முதல் கேக்கிற ஆளின்ர டேட்டாவை மட்டும் எடுங்கோ, அவர் வாய் மூடி இருக்கிற நேரம். கதைக்கிறவரின்ர சத்தத்தின்ர ஏற்ற இறக்கத்தை எடுத்து, கேக்கிறவரின்ர மூளை அதை எவ்வளவு பின்தொடருது எண்டு எம்டிஆர்எஃப் டூல்பொக்ஸ் எண்ட சொஃப்ட்வெயரால பாக்கலாம், 1 தொடக்கம் 8 ஹேர்ட்ஸ் காணும், தசை அங்க குறைவு. எனக்குக் கேட்டா இதுதான் முதல் ஆய்வுக்கு ஆக நம்பிக்கையான வழி. பிறகு அவர் வாய் திறக்க முதல் உள்ள ஒரு செக்கனைப் பாருங்கோ, ஆனா மூச்சு இழுக்கிறதும் உதடு விரியிறதும் சத்தத்துக்கு முதலே தொடங்கும், அங்கதான் அந்த உதட்டு எலக்ட்ரோட் உதவும்.

ஒத்திசைவு எண்டு சொல்ல முதல்

எல்லாருக்கும் பிடிச்ச பகுதி, ஆகக் கூடப் பிழைக்கிற பகுதியும் இதுதான். ரெண்டு மூளைக்கு இடையில ஃபேஸ் லொக்கிங் வல்யூ, அதாவது ரெண்டு அலையும் எவ்வளவு ஒரு சீரா ஓடுது எண்ட அளவு, எடுத்தா சும்மா இருக்கிற ரெண்டு பேருக்கும் பெரிய எண் வரும், ரெண்டு பேருக்கும் 10 ஹேர்ட்ஸ் அல்ஃபா இருந்தாலே காணும். 2013 இல இதைப் பற்றி எச்சரிச்சு ஒரு பேப்பர் வந்தது, சேர்குலர் கொரிலேஷன் எண்ட வேற அளவு பரவாயில்லை எண்டு அதில காட்டி இருக்கு. எஃப்நிர்ஸ் எண்டா ஒத்திசைவுக்கு எடுக்கிற அளவு வேவ்லெட் கோஹீரன்ஸ், அதில 0.1 ஹேர்ட்ஸ் கிட்ட இரத்த அழுத்த அலை, 0.3 கிட்ட மூச்சு, 1 கிட்ட இதயம் எண்டு எல்லாம் கிடக்கு, மாறி மாறிக் கதைக்கிற ஆக்கள் மூச்சையும் மாறி மாறித்தான் விடுவினம்.

அதால கள்ளச் சோடி சேருங்கோ. முதல் சோடியின்ர இடது கதிரை ஆளையும் ரெண்டாம் சோடியின்ர வலது கதிரை ஆளையும் எடுத்துக் கணக்குப் போடுங்கோ, அவை ஒருத்தரை ஒருத்தர் காணவே இல்லை. 20 சோடி இருந்தா இப்பிடி 380 கள்ளச் சோடி வரும். உண்மைச் சோடி அதுகளை விடத் தெளிவா மேல நிக்காட்டி ஒண்டும் இல்லை. மேல நிண்டாலும் காணாது, ஏனெண்டா கள்ளச் சோடி ஒரே அறைச் சத்தத்தைக் கேக்கேல்லை, அந்த நாதஸ்வரம் உண்மைச் சோடிக்கு மட்டும்தான் கேட்டது. அதுக்குத்தான் முதுகுக்கு முதுகு நிலைமை. அதே சோடியில ஒராளின்ர டேட்டாவை அரை நிமிசம் தள்ளி வைச்சும் பாருங்கோ, அப்பவும் எண் குறையேல்லை எண்டா அது கதையால வந்ததில்லை.

கணக்கில 20 சோடி எண்டா 20தான், 40 இல்லை. எந்த அலை, எந்த இடம், எந்த நேரம் எண்டதை டேட்டா எடுக்க முதலே எழுதி ஓஎஸ்எஃப் எண்ட இணையத்தளத்தில பதிஞ்சு வையுங்கோ, 32 சானலை 32 சானலோட பெருக்கினா 1024 இணைப்பு, ஒவ்வொரு அலைக்கும் பாத்தா ஏதோ ஒண்டு எப்பிடியும் மின்னும்.

தொடங்கிறதெண்டா உங்கட பாச்சில ரெண்டு பேரைப் பிடிச்சு ஒரு பைலட் எடுங்கோ. தட்டின டிக் மூண்டிலயும் ஒத்து வருதோ, கண்ணை மூட அல்ஃபா வருதோ, ரெண்டு மைக்கிலயும் குரல் பிரியுதோ எண்டு மட்டும் பாத்தாக் காணும். முடிய ஷாம்புவும் துவாயும் தண்ணி வாற பைப் ஒண்டும் ஆயத்தமா இருக்கட்டும், ஜெல் பிரண்ட தலையோட சைக்கிளில வீட்டை போகச் சொன்னா அடுத்த முறை ஒருத்தரும் வர மாட்டினம்.